பரணில் கிடக்கும் ரிகார்டுகள்: முள்ளை வைக்கும் முன்னும் பின்னும்

என் பெரியப்பா கும்பகோணம் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் கூம்பு ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டுப் பாட்டுப் போடுவார். அவர் போன பிறகு 2 தகரப் பெட்டி நிறைய ரிகார்டுகள் என் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தன. ஆசை தாங்காமல் இறக்கினேன். முதல் வாரத்திலேயே 2 தட்டுகளை என் கையாலேயே கெடுத்தேன். ஒன்றைக் கழுவிக் கெடுத்தேன், இன்னொன்றைக் காயவைத்துக் கெடுத்தேன். அதே போல ஒரு பெட்டி உங்கள் வீட்டிலும் இறங்கியிருந்தால், எதையும் பிளேயரில் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பழைய தட்டு ஒன்று பாடுகிற கடைசித் தடவை நீங்கள் போடும் முதல் தடவையாகவே இருந்துவிடலாம்.

எது எந்தத் தட்டு

வட்டமாக, கறுப்பாக இருப்பதெல்லாம் வினைல் என்ற பிளாஸ்டிக் தட்டு இல்லை. நம் வீடுகளில் கிடைப்பவற்றில் பாதிக்கு மேல் அரக்குத் தட்டாக இருக்க வாய்ப்புண்டு. அரக்கோடு கல்பொடியும் கரிப்பொடியும் சேர்த்து அழுத்திச் செய்தது அது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். பெரும்பாலும் 10 அங்குல அகலம், பக்கத்துக்கு 3 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பாடும். அதனால்தான் பழைய கீர்த்தனைகள் பல பாதியில் நின்று, தட்டைத் திருப்பிப் போட்டதும் மீதியைத் தொடர்கின்றன.

கையில் எடுத்தாலே கனம் தெரியும், ஒன்று ஏறக்குறைய 200 கிராம் வரும். வளைத்துப் பார்க்காதீர்கள், சிலேட்டு மாதிரி இரண்டாகிவிடும். ஏற்கெனவே ஓரம் உடைந்த தட்டு இருந்தால் அந்த வாயைப் பாருங்கள், உடைந்த சிலேட்டின் வாய் போலவே சொரசொரப்பாக இருக்கும். வினைல் அப்படி உடையாது, லேசாக வளைந்துகொடுக்கும்.

அளவை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். 12 அங்குலத்தில் எல்.பி.யும் (நீண்ட நேரம் பாடும் வினைல் தட்டு) உண்டு, அரக்குத் தட்டும் உண்டு. 10 அங்குலத்தில் வினைலும் வந்திருக்கிறது. 7 அங்குலம் என்றால் அநேகமாக 45 சுற்று ஈ.பி. என்ற சின்ன வினைல் தட்டுதான். தமிழ்ப் படப் பாட்டு என்றால் பக்கத்துக்கு 2, மொத்தம் 4 பாட்டு என்பது வழக்கமான கணக்கு. எல்.பி.க்கு 33⅓ சுற்று.

சந்தேகம் வந்தால் கைபேசி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து வரிகளைப் பாருங்கள். தட்டில் சுருளாக ஓடும் அந்தப் பள்ளங்களைத்தான் வரி என்கிறேன். அரக்குத் தட்டின் வரிகள் அகலமானவை, கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். எல்.பி.யின் வரிகள் நெருங்கிக் கிடப்பதால் பட்டுத் துணி மாதிரி மினுங்கும்.

‘அரக்குத் தட்டெல்லாம் சுதந்திரத்துக்கு முந்தியது’ என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் எல்.பி. 1948இலும் 45 சுற்றுத் தட்டு 1949இலும் வந்துவிட்டன. ஆனால் சாவி கொடுக்கும் கிராமபோன் நம் ஊர்களில் வெகுகாலம் ஓடிக்கொண்டிருந்ததால், 1960களிலும் இங்கே 78 அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகளே இந்தியாவில் அரக்குத் தட்டில் வெளிவந்தன. இன்று உலகமெங்கும் ரிகார்டு சேர்ப்பவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். ஆகவே 1962ஆம் வருஷப் படத்தின் பாட்டு அரக்கில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

லேபிளைப் படிப்பது

நாய் படம் போட்டது எச்.எம்.வி. இரட்டை இசைக்குறி போட்டது கொலம்பியா. கோபுர மாடக் கட்டடம் ஒன்று தெரிந்தால் ஓடியன். எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் கடைசியில் ஒரே கிராமபோன் கம்பெனியின் பெயர்கள்தான், கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலையில் அச்சானவை. ஓடியன் தட்டுகளைத் தெற்கே விற்றது சரஸ்வதி ஸ்டோர்ஸ். பின்னாளில் ஏ.வி.எம். ஸ்டுடியோவைத் தொடங்கிய மெய்யப்பச் செட்டியார் 1930களில் நடத்திய அதே கடை. 1980களின் தட்டுகள் என்றால் எக்கோ, இன்ரிகோ, பாலிடார் போன்ற பெயர்கள் வரும். இளையராஜா ரசிகர் வீட்டுப் பெட்டியில் எக்கோ இல்லாமல் இருக்காது.

லேபிளில் இரண்டு விதமான எண்கள் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது விற்பனை எண். பக்கத்துக்குப் பக்கம் மாறுவது அச்சு எண். இந்த அச்சு எண்ணை லேபிளைச் சுற்றியுள்ள வரியில்லாத வழவழப்பான இடத்திலும் பொறித்திருப்பார்கள். லேபிள் கிழிந்துபோன தட்டுக்கு அது ஒன்றுதான் அடையாளம். எச்.எம்.வி. எல்.பி.யில் இ.சி.எல்.பி. என்று தொடங்கினால் மோனோ, இ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ.

வருஷம்தான் பெரிய தலைவலி, பழைய லேபிள்களில் அதைப் போடவே மாட்டார்கள். 1970களுக்குப் பிந்தைய தட்டுகளில் வட்டத்துக்குள் பி என்ற எழுத்தும் பக்கத்தில் வருஷமும் இருந்தால் அது ஒலிப்பதிவு வெளியான ஆண்டு. சினிமாப் பாட்டு என்றால் படம் வந்த வருஷத்தைக் கொண்டு கணிக்கலாம். ஆனால் ஓடிய படத்தின் தட்டைப் பத்து வருஷம் கழித்தும் திரும்ப அச்சடித்திருப்பார்கள். படம் எது என்றே தெரியாவிட்டால் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் கைகொடுக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றைப் பெரிய அளவில் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

கழுவுவதற்கு முன்பே இரண்டு பக்க லேபிளையும் படம் எடுத்துவிடுங்கள். பழைய காகித உறையில் ஊர்க் கடையின் பெயரும் தெருவும் அச்சாகியிருக்கும். பூஞ்சை பிடித்த உறையில் தட்டைத் திரும்பப் போட வேண்டாம்தான், ஆனால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். தனியாக ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவல்

நான் கெடுத்த முதல் தட்டின் கதை இது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு 78ஐத் துடைத்தேன். பஞ்சு கன்னங்கரேலென்று ஆனது. ‘அடேங்கப்பா, இவ்வளவு அழுக்கா’ என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். வந்தது அழுக்கு இல்லை, தட்டு. ஆசாரி மரத்துக்குப் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்! போட்டுப் பார்த்தபோது பாட்டுக்குப் பதில் மணலில் கொட்டாங்கச்சி தேய்க்கிற சத்தம் வந்தது. அரக்குத் தட்டின் பக்கத்தில் ஸ்பிரிட், சானிடைசர், ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் வரக்கூடாது.

பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும் (ஆசிட் இல்லை, கேட்டு வாங்குங்கள்). அரை லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு. குழாய்த் தண்ணீர், அதிலும் போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு வரிக்குள் படிந்துகொள்ளும். லேபிளின் மேல் அதே அளவுள்ள டப்பா மூடி ஒன்றைக் கவிழ்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, வரி ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே கூடாது. பிறகு சோப்பு இல்லாத தண்ணீரால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. வினைலைத் தாராளமாக நனைக்கலாம். அரக்குத் தட்டை ஊறவைக்கக் கூடாது, விரிசல் கண்டதென்றால் ஈரத் துணி மட்டும்தான்.

இரண்டாவதைக் கெடுத்தது சித்திரை மாத வெயில். கழுவிய எல்.பி. ஒன்றை வடகம் காயவைப்பது போல மொட்டை மாடியில் வைத்தேன். அரை மணி நேரத்தில் அது அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. நிழலில், தட்டு கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிறுத்திக் காயவிடுங்கள். பிறகு அடுக்கும்போதும் புத்தகம் போல நேராக நிறுத்தித்தான் வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் கீழே இருக்கும் அரக்குத் தட்டு மேலே உள்ளவற்றின் கனத்திலேயே கீறல் விடும்.

முள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அரக்குத் தட்டின் வரிக்கு ஏற்ற முள் முனையின் ஆரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கு, அதாவது ஏறக்குறைய 75 மைக்ரான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். எல்.பி., ஈ.பி.க்கான முள் அதில் கால் பங்குதான், சுமார் 18 மைக்ரான். சின்ன முள்ளை 78இல் வைத்தால் அது வரியின் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்து, அங்கே சேர்ந்த குப்பையை உழுதுகொண்டு போகும். இரைச்சல்தான் மிஞ்சும், முள்ளும் தேயும். பெரிய முள்ளை எல்.பி.யில் வைத்தால் தட்டுக்கே சேதம்.

சாவி கொடுக்கும் கிராமபோன் வீட்டில் இருந்தால் அதில் வினைலை மறந்தும் போடாதீர்கள். அதன் சவுண்டு பாக்ஸும் (முள்ளைப் பிடித்திருக்கும் வட்டப் பெட்டி) குழாயும் சேர்ந்து 100 கிராமுக்கு மேல் அழுத்தும், இரும்பு முள் வினைலைச் சீவிவிடும். அரக்குத் தட்டுக்கும் அதில் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பதுதான் கணக்கு. அன்றைக்கு முள்ளைச் சின்னத் தகர டப்பாவில் நூற்றுக்கணக்கில் விற்றதே அதனால்தான். சிக்கனம் பார்த்து அதே முள்ளில் பத்துத் தட்டு ஓட்டியவர்களின் ரிகார்டுகளில் வரி சாம்பல் பூத்திருக்கும். மைக் செட் ரிகார்டுகளின் அடையாளமும் அதுதான். என் பெரியப்பாவின் தட்டுகளில் பாதி அப்படித்தான் இருந்தன.

எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பழைய மின்சார பிளேயர்களில் முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்றையே புரட்டிப்போட்டால் 78க்கு ஒரு முள், எல்.பி.க்கு ஒரு முள் என்று வரும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த முள் எத்தனை ஆயிரம் பாட்டைக் கண்டதோ யாருக்குத் தெரியும்? தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் சக்கரமும் காய்ந்து இறுகியிருக்கும். பிளேயரை அழகுக்கு வையுங்கள். இப்போது விற்கும் சூட்கேஸ் பிளேயர்கள் எனக்குப் பிடிக்காது. அவற்றில் முள்ளின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருப்பதில்லை.

வாங்குவதானால் 3 விஷயம் பாருங்கள்: 78 வேகம் இருக்க வேண்டும், முள்ளைத் தாங்கும் கையின் பின்னால் திருகும் எடைக்கல் இருக்க வேண்டும், முள்ளைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். நான் வைத்திருப்பது ஆடியோ-டெக்னிகாவின் எல்.பி.120. அதே கார்ட்ரிட்ஜில் எல்.பி. முள்ளை உருவிவிட்டு 78 முள்ளைச் செருகிக்கொள்ளலாம். எல்.பி.க்கு 2 கிராம், 78க்கு 5 கிராம் என்று அழுத்தத்தை மாற்றுகிறேன். முள்ளோடு வரும் காகிதத்தில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அதுதான் சரி. குறைவாக வைத்தால் நல்லது என்று நினைக்காதீர்கள், முள் துள்ளித் துள்ளி வரியின் சுவரை இன்னும் மோசமாகக் குத்தும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் பழைய பிளேயரைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்றால் ஒரு வார்த்தை. 110 வோல்ட் பிரச்சினையை டிரான்ஸ்ஃபார்மர் தீர்க்கும். ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்த அலைக்கணக்கில் சுற்றும் பழைய மோட்டார் இங்கே 33⅓க்குப் பதில் 28 சுற்றுக்கும் குறைவாகச் சுற்றும். பாடகி பாடகராகிவிடுவார்.

பிளேயரை வைக்கும் மேஜையைக் கொத்தனாரின் ரசமட்டத்தால் சரிபாருங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்க வேண்டாம்.

சுருதியைக் கேளுங்கள்

78 என்று எழுதியிருப்பதாலேயே அது 78இல் பதிவானது என்று சொல்லிவிட முடியாது. 1920களின் நடுவில் மைக் வைத்து மின்சாரத்தில் பதிவு செய்யும் முறை வந்தது. அதற்கு முந்தைய காலத்தில், கூம்புக் குழாய்க்குள் கத்திப் பாடிய நாட்களில், வேகம் 70க்கும் 80க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கும். 74இல் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். 1 கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவது போலக் கேட்கும். குரல் ஒல்லியாகும், பிருகாக்கள் மனுஷர் பாட முடியாத வேகத்தில் உதிரும். ‘அந்தக் காலத்துக்காரர்கள் தொண்டையே வேறு’ என்று நாம் வியந்துகொண்டிருப்போம்.

கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு பிளேயரின் வேகத் திருகை மெல்ல நகர்த்திப் பாருங்கள். பின்னணியில் ஆர்மோனியமோ தம்புராவோ இருந்தால் அதோடு பொருத்தலாம். பாடகரின் வழக்கமான சுருதி வேறு பதிவுகளிலிருந்து தெரிந்தால் இன்னும் நல்லது. இயந்திரத்தைவிட கச்சேரி கேட்டுப் பழகிய வீட்டுப் பெரியவரின் காதை நான் அதிகம் நம்புகிறேன். சங்கதி சரியாக விழுகிறதா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்பதை எழுதிவையுங்கள்.

பிளேயரில் 78 வேகமே இல்லையென்றால் 78 முள்ளைப் போட்டு 45இல் ஓட்டிப் பதிவு செய்து, கணினியில் வேகத்தை உயர்த்திக்கொள்ளலாம். ஆடசிட்டி மென்பொருளில் 45இலிருந்து 78க்கு என்று தேர்ந்தெடுக்கவே வசதி உண்டு. தொனி கொஞ்சம் மாறும், பிறகு சரிசெய்ய வேண்டியிருக்கும். நெளிந்த, விரிசல் கண்ட தட்டுகளுக்கு இந்த நிதான ஓட்டம் நல்லதும்கூட, வேகத்தில் தூக்கி எறியப்படும் முள் இதில் வரியிலேயே நிற்கும்.

கணினிக்குள் கொண்டுபோவது

கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்க ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். பெருக்குவதோடு இன்னொரு வேலையும் அது செய்கிறது. தட்டு வெட்டும்போது கீழ் ஒலிகளைக் குறைத்தும் மேல் ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவார்கள், ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்யும். 1950களின் நடுவிலிருந்து உலகம் முழுக்க ஏற்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. அளவு அது. அதற்கு முந்தைய 78கள் வேறு வேறு அளவில் வெட்டப்பட்டதால் அந்த ப்ரீஆம்பில் கொஞ்சம் மந்தமாகக் கேட்கும், அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகாதீர்கள், பெரும்பாலும் அது மோனோ, பேச்சுக்குச் செய்தது. லைன் இன் உள்ள ஒரு யூ.எஸ்.பி. சவுண்டு கார்டு வாங்குங்கள், அல்லது யூ.எஸ்.பி. உள்ள பிளேயரே போதும். ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் விடாமல் வந்தால் எர்த் ஒயரைப் பாருங்கள். பிளேயரிலிருந்து மெல்லிசாக ஒரு தனி ஒயர் தொங்கும், அது ப்ரீஆம்பின் திருகில் மாட்ட வேண்டியது. அப்படியும் போகாவிட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கடைசியில் அதுதான் தீர்வு.

ஆடசிட்டியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். நிமிடத்துக்கு 35 எம்.பி. பிடிக்கும், 40 நிமிட எல்.பி.க்கு 1.4 ஜி.பி. இடம் போதாதென்றால் 48 கிலோஹெர்ட்ஸும் மோசமில்லை. பாட்டின் மிகச் சத்தமான இடத்தில் அளவுக்கோடு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். உச்சத்தில் வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. முள்ளை வைப்பதற்கு முன்பே பதிவைத் தொடங்கி, முள்ளைத் தூக்கிய பின்தான் நிறுத்த வேண்டும். பாட்டுப் பாட்டாக நிறுத்திப் பதியாமல் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

78ஐ ஸ்டீரியோவாகவே பதிவு செய்து, பிறகு இடது, வலது இரண்டு ஒலித்தடத்தையும் சேர்த்து மோனோ ஆக்குங்கள். அந்தத் தட்டுகளில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேலும் கீழுமாக வரும் அசைவு வெறும் இரைச்சல், சேர்க்கும்போது அதில் பெரும்பகுதி தன்னாலே கழிந்துவிடும். வரியின் ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல சுவரின் ஒலித்தடத்தை மட்டும் வைத்துக்கொள்ளவும் ஸ்டீரியோப் பதிவு உதவும்.

இந்த மூலப் பதிவை ஒலித் தரம் குறையாத எஃப்.எல்.ஏ.சி. கோப்பாகச் சேமித்து, இரண்டு இடத்தில் நகலெடுத்துவிட்டு, அதன் பிறகுதான் சுத்தம் செய்யும் வேலை. அதுவும் மூலத்தின் நகலில் மட்டும். இங்கேதான் புதியவர்கள் கை அரிக்கும். ‘டிக் டிக்’ நீக்கும் கருவியைக் கடுமையாக வைத்தால் அது மிருதங்கத்தின் சாப்பையும் கடத்தின் நக ஒலியையும் கீறல் என்று எண்ணித் தின்றுவிடும். இரைச்சல் நீக்கும் கருவி அதைவிட மோசம். விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதெல்லாம் அதற்கு இரைச்சல், ஆகவே முதல் பலி தம்புரா. நான் ஒரு தடவை அப்படி ‘சுத்தம்’ செய்ததைக் கேட்டபோது வித்வான் கிணற்றுக்குள்ளிருந்து தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். பெரிய கீறல்களைக் கையால் ஒவ்வொன்றாகத் தேடி நீக்குங்கள், மீதி கொரகொரப்பு இருந்துவிட்டுப் போகட்டும். 3 நிமிடப் பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும்தான்.

வீட்டில் கேட்க, வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்.பி.3 தனியாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம். யூடியூபில் ஏற்றுவதற்கு முன் கணக்குப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960இல் வெளியானது 2020 முடிவோடு விடுபட்டது. ஆனால் பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் தனியாக ஓடும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ‘பழைய பாட்டு 1’ என்று வைத்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே விளங்காது. கம்பெனி, விற்பனை எண், பக்கம், பாடியவர், முதல் வரி, இந்த வரிசை எனக்குச் சரியாக வருகிறது. ஓட்டிய வேகம், முள், தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். லேபிளில் யாராவது கையால் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் தட்டுகளில் வெள்ளைப் பெயின்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருந்தது. என்ன கணக்கு என்று முதலில் புரியவில்லை. வரிசையாக அடுக்கிய பிறகுதான் அது கல்யாண வீட்டில் பாட்டுப் போடும் வரிசை என்று தெரிந்தது. 1ஆம் எண் பிள்ளையார் பாட்டு. எல்லாத் தட்டிலும் அதுதான் அதிகம் தேய்ந்தது. 75 மைக்ரான் முள்ளில் வெறும் இரைச்சல்தான் வந்தது. கொஞ்சம் சின்ன முனையுள்ள முள் ஒன்றை வாங்கிப் போட்டேன். பழைய இரும்பு முள் தொடாத உயரத்தில் அது வரியின் சுவரைத் தொட்டது, மூன்றாவது தடவையில் பல்லவி கேட்டது.